பீப்பாயில் ஏறிய வாது

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தடவைதான் கவ்வாத்து வெட்டியிருக்கிறேன். அந்த வெட்டு தேயிலைச் செடியில் விழவில்லை, என் இடது பூட்ஸில் விழுந்தது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கிப் புதிதாகத் துளிர்க்க விடுவதற்கு இலங்கையில் எங்கள் மலையில் கவ்வாத்து என்று பெயர். அப்பா அதில் பேர்போனவர். பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு நான் பேனா பிடித்தேன்.

இப்படிப்பட்ட என்னை, சிசிலித் தீவில் நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 'கவ்வாத்துப் பேராசிரியர்' என்று நம்பிக் காத்திருந்தார்கள். போய்ச் சேரும்வரை அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

பழி முழுவதும் என் தங்கச்சி மல்லிகாவைச் சேரும். பலேர்மோ நகரத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போனவள், அந்த வேலை முடிந்ததும் ஒரு பருவத்துக்குத் திராட்சை பறிக்கப் போனாள். அப்படியே அந்தத் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டாள். ஒன்பது வருடம் ஆகிறது. போன ஆவணியில் போன் செய்து, "அண்ணே, அறுவடைக்கு வாங்க. வரும்போது அப்பாவோட கவ்வாத்துக் கத்தியக் கொண்டாங்க. பார்சல்ல போட்டுறாதீங்க, கையோட கொண்டாங்க" என்றாள். மிளகாய் இடித்துச் செய்கிற கட்டச்சம்பலும் ஒரு போத்தல் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் காரணம் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

பலேர்மோ விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் உடுத்துகிற சாரத்தில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பொதிந்து, இரண்டு தேயிலைப் பைக்கட்டுகளுக்கு நடுவே படுத்திருந்தது ஒரு முழ நீளக் கத்தி. அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். "செடி. வெட்ட." என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே மிகச் சிறியதைச் சொன்னேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் பெரிய மீசைக்காரர். கத்தியை எடுத்து, கட்டைவிரலை அலகின் குறுக்கே வைத்துப் பதம் பார்த்து, ஆழ்ந்த மரியாதையோடு திரும்பச் சுற்றிவைத்தார். அவர் அப்பாவும் விவசாயியாக இருக்க வேண்டும். சம்பல் போத்தலைத்தான் சந்தேகத்தோடு நெடுநேரம் முகர்ந்தார்கள்.

அடுத்த சோதனை பஸ். நம் ஊரில் இறங்குமிடம் வந்தால் தொண்டையைத் திறந்து 'பஹினவா' என்று சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டால் போதும், பஸ் நின்றுவிடும். இருபது வருடப் பழக்கம். மல்லிகா சொன்ன ஆலிவ் மரமும் சிலுவையும் ஜன்னலில் தெரிந்ததும் எழுந்து நின்று, "பஹினவா!" என்றேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். பஸ் மட்டும் நிற்கவில்லை. கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமாம். அது எனக்குத் தெரியவந்தபோது இரண்டு தரிப்பிடம் தாண்டிவிட்டது. நாலு கிலோமீட்டர் வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். அட்டைக்கடி இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

தோட்டத்து வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. மஞ்சள் கல், பெரிய முன்வாசல், அதற்கு மேலே ஏதோ சின்னம் செதுக்கிய வளைவு. பார்த்ததும் என் கால்கள் தாமாகவே பக்கவாட்டில் திரும்பி வீட்டின் பின்புறம் போய்விட்டன. தோட்டத்தில் பிறந்தவனின் கால் அது. பங்களாவுக்கு எங்கள் ஆட்கள் முன்வாசலால் போனதில்லை. இதில் யோசிப்பதற்கு இடமே இல்லை, நாய் நீந்துகிற மாதிரி.

பின்வாசலில் அடுப்படி. ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மா மேசை நிறைய அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். சமையற்காரம்மா என்று முடிவு செய்தேன். "துரையிடம் சொல்லுங்கள், மல்லிகாவின் அண்ணன் வந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் புரியவில்லை, மல்லிகா என்பது மட்டும் புரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு சட்டியை என் முன்னால் வைத்தார். நான் உரிக்க ஆரம்பித்தேன். முக்கால் மணித்தியாலம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் உரித்தோம். நான் உரித்ததில் பாதி தரையில் உருண்டது.

மல்லிகா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயோ அண்ணே! இங்க என்னா பண்றீங்க? அவங்கதான் ரொசாலியா அம்மா. தோட்டமே அவங்களோடது!"

நான் சட்டியோடு எழுந்தேன். மரியாதைக்கு எழுந்ததில் மிச்ச அவரையும் கொட்டியது.

"முன்வாசல்ல வந்திருக்கலாம்ல?"

"எப்படித் தங்கச்சி, பங்களா முன்வாசல்ல?"

மல்லிகா இதை இத்தாலியனில் சொன்னதும் ரொசாலியா அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "முன்வாசல் பாதிரியாருக்கும் பொணத்துக்குந்தான், அதோட சாவி எங்கன்னு தேடி முப்பது வருசமாச்சுன்னு சொல்றாங்க. வீட்டாளுங்க எல்லாம் இந்த வழியாத்தான் வருவாங்களாம்" என்று மல்லிகா மொழிபெயர்த்தாள். அவள் வாய் வழியாக வந்ததால் சிசிலிக்காரர்கள் எல்லோரும் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கரப்பத்தனைக்காரர்கள் மாதிரியே கேட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். நான் படங்களில் பார்த்த திராட்சை பந்தலில் தொங்கும். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்புயரத்தில் தனித்தனிச் செடிகள், சரிவில் வரிசை வரிசையாக. கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வெயில் பட்டுக் கறுத்த ஒரு தேயிலை மலை. மருந்தே அடிக்காத தோட்டம். புல்லை ஆடுகள் மேய்கின்றன, குளிர்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே பயறு விதைத்து மண்ணோடு உழுதுவிடுகிறார்கள். நம் மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆட்களை முதுகில் டாங்கியோடு பார்த்து வளர்ந்த எனக்கு, ஆடு செய்கிற வேலை கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் பட்டது. ஆனால் மண் கால் வைத்தால் அமுங்கியது.

உச்சியில் பல வரிசைகள் கொண்ட ஒரு தனிப் பத்தி. அதன் ஓரத்தில், தார்ப்பாய் போர்த்திய மஞ்சள் பெக்கோ ஒன்று மண் தோண்டும் கையை மடக்கிக்கொண்டு நின்றது.

"இதுக்குத்தாண்ணே உங்களக் கூப்பிட்டேன்" என்றாள் மல்லிகா.

விஷயம் இதுதான். அந்தப் பத்திச் செடிகள் ரொசாலியா அம்மாவின் தாத்தா நட்டவை. உள்தண்டு அழுகிக் காய்ந்துகொண்டு வருகின்றன. அம்மாவின் தம்பி கலோஜெரோ, எழுபது வயது, வயல் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. நம் தோட்டங்களில் துரைக்கு அடுத்தபடி ஆட்களை விரட்டுகிறவரைக் கண்டாக்கு என்போமே, அந்தப் பதவி. அவர், எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுக்கன்று நடுவோம் என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் மல்லிகா, ஒரே ஒரு வரிசை தாருங்கள் என்று கேட்டாள். அப்பா தேயிலைக்குச் செய்ததைப் பார்த்து வளர்ந்தவள், அதையே செய்தாள். தண்டில் அழுகிய பக்கத்தை அடிவரை அறுத்து எடுத்து, ஒவ்வொரு செடியிலும் நல்லதாக ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டாள். அடியில் புதுத்துளிர் வந்து நிமிர்கிறவரைக்கும் செடி அந்தக் கிளையால் மூச்சு விடும். துளிர் தேறியதும் பழையதை எடுத்துவிட வேண்டும்.

"இந்த அறுவடையில என் வரிசை காய்ச்சா, பத்தி முழுக்க என் கையில. காய்க்கலேன்னா திங்கக்கிழமை பெக்கோ எறங்குது. அதுக்கப்புறம் கத்தியத் தொட மாட்டேன், பழப்பெட்டிதான் தூக்குவேன்னு நானே சொல்லிட்டேன். இந்த வீட்டுல கவ்வாத்து ஆம்பளைங்க வேலைண்ணே. நம்ம ஊரு மாதிரியேதான்."

"சரி. இதுல நான் எதுக்கு?"

மல்லிகா செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்டாக்கையா நம்பல. எங்க படிச்சேன்னு கேட்டாரு. நீங்க அனுப்புன கவ்வாத்துப் புத்தகத்தக் காட்டுனேன். பின்னட்டையில உங்க பேரு இருக்குல்ல."

என் பேர் இருந்தது உண்மை. 'பிழை திருத்தம்' என்ற இரண்டு சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. ஹட்டனில் அஸீஸ் நானாவின் அச்சகத்தில் அதுதான் என் உத்தியோகம். சிறுதோட்டக்காரர்களுக்கான கைநூல் ஒன்று அச்சுக்கு வந்தது. எழுதியவர் மலையில் ஆயுள் முழுவதும் வேலை செய்தவர். 'மூச்சுக்கு ஒரு வாது விடு' என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் கிளையை வாது என்றுதான் சொல்வோம். வாது என்றால் படித்தவர்கள் வாக்குவாதம் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குக் கவலை. சிவப்புப் பேனாவை எடுத்து, புத்தகம் முழுவதும் ஒரு வாது பாக்கியில்லாமல் கிளையாக்கினேன். பிரதி கிடைத்த அன்றே மல்லிகா போனில் கத்தினாள்: "எவண்ணே வாதையெல்லாம் கிளையாக்குனது?" அச்சகத்துத் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அந்தப் பேனாவுக்குத் தண்டனை சிசிலியில் காத்திருந்தது.

மத்தியானச் சாப்பாடு ஒரு நீண்ட மேசையில். பறிக்கிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர், ரொசாலியா அம்மா எல்லோரும் ஒரே மேசை, ஒரே ரொட்டி. எங்கள் தோட்டத்துத் துரை சாப்பிடுவாரா மாட்டாரா என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நான் பார்த்ததில்லை. கத்தரிக்காய் போட்ட பாஸ்தா வந்தது. உப்பும் தக்காளியும் இருந்தன, உறைப்பு இல்லை. சம்பல் போத்தலைத் திறந்தேன். கலோஜெரோ கை நீட்டினார். மல்லிகா எச்சரித்தாள். எச்சரித்தால் கேட்கிறவர் கண்டாக்காக இருக்க முடியாது. ஒரு கரண்டி வாயில் போட்டார். மீசை நடுங்கியது, கண்ணில் நீர் ஓடியது. அவர் ரொட்டியைப் பிய்த்து இன்னொரு கரண்டி எடுத்தார்.

வைனும் வந்தது. நமக்குத் தெரிந்த சாராயம் தொண்டையில் இறங்கும்போதே வீட்டு விலாசத்தைக் கேட்கும். இது அப்படியில்லை. சீனி போடாத தேயிலைச் சாயம் மாதிரி முதலில் நாக்கைப் பிடித்தது, பிறகு மெதுவாக விட்டது. ருசி பார்க்கிறவர்கள் உறிஞ்சிவிட்டுத் துப்புகிறார்கள், நம் தேயிலைத் தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே. நான் துப்பவில்லை. துப்பினால் நிபுணன் என்று இன்னும் உறுதியாகிவிடும்.

மூன்றாம் நாள் அதே மேசையில் கலோஜெரோ நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "பேராசிரியர் பேசட்டும். இந்த வெட்டு முறை எதற்கு, எப்படி?" நான் எழுந்து நின்றேன். பொய் சொல்வதற்கு மொழி தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"நான் பேராசிரியர் இல்லீங்க. எழுத்துப்பிழை பார்க்கிறவன். ஒரு செடியும் வெட்டினதில்லை, ஒரு பூட்ஸ்தான் வெட்டியிருக்கேன். அந்தப் புத்தகத்துல நான் செஞ்ச ஒரே வேலை, வாதுங்கிற நல்ல சொல்லை அடிச்சதுதான். அச்சகத்துத் தப்பு இல்ல மல்லிகா, நான் செஞ்ச தப்பு. கவ்வாத்து தெரிஞ்ச ஆளு இந்த மேசையில ஒருத்திதான். அவகிட்டயே கேளுங்க."

ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏழெட்டுச் சொல்லில் மொழிபெயர்த்தாள். மேசை கைதட்டியது.

"என்னா சொன்ன?" என்று பதறினேன்.

"எழுதுறவன் வெட்டுறவளுக்கு முன்னால பேசக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்றாருன்னேன்."

"நான் சொன்னது அதுவா?"

"சுருக்கமா அதுதாண்ணே. வாதை அடிச்சத மட்டும் சொல்லல. அது நம்ம வீட்டு வெசயம்."

ரொசாலியா அம்மா கையை நீட்டி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார். இதை மட்டும் மல்லிகா ஒரு சொல் விடாமல், மிகுந்த சந்தோஷத்தோடு மொழிபெயர்த்தாள்: "அவரக்கா உரிச்ச அன்னைக்கே தெரியுமாம். ஒரு கத்தியும் இந்தக் கையத் தொட்டதில்லையாம். கொமரிப் பொண்ணு கை மாதிரி இருக்காம்."

கலோஜெரோ மட்டும் கைதட்டவில்லை. "கை எதுவானால் என்ன? நாளைக்குச் செடி பேசும்" என்றார். அது நியாயம்.

நாலாம் நாள் விடிந்ததும் மேல்பத்தியில் இறங்கினோம். மற்ற வரிசைகளை முதலில் பறித்தார்கள். ஒரு வரிசைக்கு இரண்டு பெட்டி, சிலதில் ஒன்றரை. குலைகள் சின்னச் சின்னதாக, பாதி வாடி. மல்லிகா தன் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் பறித்தாள். சின்ன வயதிலிருந்து அவளைத் தெரியும். பேசாமல் இருந்தால் பயப்படுகிறாள்.

பத்து மணிக்கு அவள் வரிசை. நானும் ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். தங்கச்சியின் பரீட்சையில் சும்மா நிற்பது அழகில்லை. இலையை விலக்கினேன். கறுப்பாக, கனமாக, உள்ளங்கை கொள்ளாத குலை. வெட்டினேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, பிறந்த இடம்தான் பொறுப்பு. கொழுந்து எடுக்கிற பெண்கள் கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் எறிவார்கள், அது முதுகுக் கூடையில் விழும். பள்ளி விடுமுறைகளில் நானும் அப்படி எறிந்தவன். கை நிறைந்தது. கை எறிந்தது. முதுகில் கூடை இல்லை. கலோஜெரோ இருந்தார்.

வெள்ளைச் சட்டையின் நடுநெஞ்சில் குலை வெடித்தது.

"அண்ணே!" என்று மல்லிகா அலறினாள்.

கலோஜெரோ அசையவில்லை. நெஞ்சில் ஒட்டிய பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விதையைத் துப்பினார். இன்னொன்றை எடுத்தார். சம்பலுக்கு நடந்த அதே காரியம். பிறகு குனிந்து பறிக்க ஆரம்பித்தார்.

மல்லிகாவின் வரிசையில் பதினொரு பெட்டி வந்தது. அறுபது செடியில் ஐம்பத்தேழு உயிரோடு இருந்தன. கலோஜெரோ விடவில்லை. நிறையக் காய்த்தால் நீர்த்துப்போயிருக்கும் என்றார். சட்டைப்பையிலிருந்து விரலளவு குழாய் ஒன்றை எடுத்து, அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, சூரியனை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். இனிப்பை அளக்கிற கருவியாம். நெடுநேரம் பார்த்தார். அக்காவிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. பேராசிரியர் தலையை மெதுவாக இரண்டு தடவை ஆட்டினார்.

கலோஜெரோ தொலைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். சண்டை என்று நினைத்தேன். மல்லிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா தங்கச்சி? என்னா சொல்றாரு?"

"பெக்கோக்காரனக் கூப்பிடுறாருண்ணே. இரும்புச் சனியன இன்னைக்கே ஓட்டிட்டுப் போடாங்கிறாரு."

நான் இருந்த இடத்திலேயே ஒரு சத்தம் போட்டேன். என்ன சத்தம் என்று ஞாபகமில்லை. 'பஹினவா'வாகக்கூட இருக்கலாம். இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

அன்று சாயங்காலம் என் பெட்டியிலிருந்து அப்பாவின் கத்தி வெளியே வந்தது. கலோஜெரோ அதை வாங்கி, எடை பார்த்து, பதம் பார்த்து, நிலவறைச் சுவரண்டை போனார். அந்தக் குடும்பத்து ஆண்களின் வெட்டுக் கருவிகள் நாலு தலைமுறையாக அங்கே வரிசையில் தொங்குகின்றன. கடைசி ஆணிக்குப் பக்கத்தில் புது ஆணி ஒன்றை அடித்து, கத்தியை மல்லிகாவிடம் நீட்டினார். மாட்ட வேண்டியது அவள். மாட்டினாள். குளிர்காலத்தில் எடுக்கப்போவதும் அவள்தான்.

அங்கே ஒவ்வொரு பீப்பாயிலும் எந்தப் பத்தியின் சாறு என்று சுண்ணக்கட்டியால் எழுதுவது வழக்கம். மல்லிகாவின் வரிசைக்குத் தனியாக ஒரு சிறிய பீப்பாய். கலோஜெரோ சுண்ணக்கட்டியோடு நின்று யோசித்தார். "நீ விடச் சொன்னாயே ஒரு கிளை, உங்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். சொல்லட்டும் பேராசிரியர் என்கிற பார்வை.

"வாது" என்றேன்.

"வாதூ" என்றார் அவர், இரண்டு தடவை. தன் எழுத்தில் எழுதினார். அதற்குக் கீழே மல்லிகா தமிழில் எழுதினாள். காலெழுத்து சரி, உகரம் சரி. முப்பது வருட உத்தியோகத்தில், திருத்துவதற்கு எதுவும் இல்லாமல் நான் நின்ற சொல் அதுதான்.

புறப்படுகிற அன்று எனக்கு மரியாதை செய்ய முன்வாசலைத் திறக்கப் பார்த்தார்கள். கொல்லனைக் கூட்டிவந்தும் பூட்டு அசையவில்லை. அடுப்படி வழியாகவே கிளம்பினேன். ரொசாலியா அம்மா அவரைக்காய் ஒரு பை கொடுத்தார், வழியில் உரிக்க.

ஹட்டனில் மழை. அச்சகத்தில் என் மேசைமேல் கைநூலின் இரண்டாம் பதிப்பு காத்திருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அஸீஸ் நானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது? போன தடவ நீங்களே வெட்டின சொல்லயெல்லாம் நீங்களே திரும்பப் போட்றீங்க? இது சும்மா பேச்சு வழக்குல்லியா? எந்த ஏட்டுல ஈக்கிது?"

"ஏட்டுல எனக்குத் தெரியாது நானா" என்றேன். "பீப்பாய்ல இருக்கு."